குழந்தை அடிபடுகிறது என்று தெரிந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? 999, உதவித் தொலைபேசி, பாதுகாப்பு ஆணை, பேசி முடிப்பது: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மகளின் இரண்டாம் கணவர் பேரனை ரோத்தானால் (பிரம்பால்) விளாசுகிறார். போலீசுக்குப் போனால் ஜெயிலா? மேல்மாடிப் பிள்ளை தினமும் ராத்திரி அலறுகிறது, நாம் தலையிடலாமா? பிள்ளையை அடிப்பது என் கணவர், நான் இங்கே தங்கும் அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். புகார் கொடுத்தால் நானும் பிள்ளையும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானா?

கேட்பவர்கள் எல்லாரும் நான்கு வழிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். போலீஸ் அவசர எண்ணான 999ஐக் கூப்பிடுவது, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் உதவித் தொலைபேசியை அழைப்பது, குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்பது, வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசி முடிப்பது. இவற்றில் நான்காவதைத்தான் பெரும்பாலோர் முதலில் எடுக்கிறார்கள். அதனால் அதையும் மற்றவற்றோடு சேர்த்தே எடைபோடுகிறோம்.

## முதலில், தண்டனை எவ்வளவு?

தண்டனையை நினைத்துத்தான் பலர் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "ஜெயிலுக்கு அனுப்பணும்" என்பவர் 999க்குப் போகிறார், "ஜெயில் வேண்டாம்" என்பவர் பாதுகாப்பு ஆணைக்குப் போகிறார். கணக்கு அப்படி வேலை செய்வதில்லை. நடந்தது குற்றமா என்பதை நீங்கள் தட்டிய கதவு தீர்மானிப்பதில்லை. உதவித் தொலைபேசியில் தொடங்கியது போலீஸ் விசாரணையில் முடியலாம். 999இல் தொடங்கியது கண்டிப்பான எச்சரிக்கையோடு நிற்கலாம்.

அடிப்படைச் சட்டம் சிறார், இளையர் சட்டம், அதில் 5ஆம் பிரிவு. பிள்ளையைத் தன் பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருக்கும் எவருக்கும் அது பொருந்தும்: அம்மா, அப்பா, பாட்டி, பகலில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி, பணிப்பெண், பாலர் பள்ளி ஆசிரியர். 14 வயதுக்குக் கீழே குழந்தை, 14 முதல் 18க்குள் இளையர். இந்த மேல்வரம்பு முன்பு 16ஆக இருந்தது. 2020 ஜூலையில் 18 ஆயிற்று. "பையனுக்குப் பதினேழு ஆச்சு, அவனைச் சட்டம் பார்க்காது" என்ற பேச்சு பழைய கணக்கு.

2020 ஜனவரியிலிருந்து இந்தப் பிரிவின் கீழ் அதிகபட்சத் தண்டனை 8 ஆண்டுச் சிறை, அல்லது 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், அல்லது இரண்டும். பிள்ளை இறந்துவிட்டால் 14 ஆண்டு, 40,000 வெள்ளி. அதற்குமுன் இவை முறையே 4 ஆண்டும் 4,000 வெள்ளியும், 7 ஆண்டும் 20,000 வெள்ளியுமாக இருந்தன. சிறைக்காலம், அபராதம் இரண்டும் ஒரே திருத்தத்தில் இரட்டிப்பாயின.

இந்தப் பிரிவைப் பற்றி மூன்று விஷயங்கள் பலருக்குத் தெரியாது.

ஒன்று, அடி மட்டும் கொடுமை அல்ல. உடல், மனக் காயம், வளர்ச்சிக்குக் கேடு, தேவையற்ற வலி எல்லாம் இதற்குள் வரும். போதிய சோறு, துணி, மருத்துவம், இருக்க இடம், கவனிப்பு ஆகியவற்றை வேண்டுமென்றோ நியாயமில்லாமலோ கொடுக்காமல் விடுவதும் வரும்.

இரண்டு, பிள்ளை பிழைத்துக்கொண்டதால் குற்றம் கரைந்துவிடாது. மூன்று நாள் சாப்பாடில்லாமல் பூட்டிவைத்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டம்மா ஜன்னல் கம்பி வழியே பிஸ்கட் கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம். அடுத்தவர் செய்த உதவியால் தீங்கு தடுக்கப்பட்டது என்பது பூட்டியவருக்குத் தற்காப்பாகாது.

மூன்றாவதுதான் முக்கியம். பிள்ளை யாருடைய பராமரிப்பில் இருக்கிறதோ அவர், இன்னொருவர் கொடுமை செய்வதைத் தெரிந்தே அனுமதித்தாலும் அதே பிரிவு, அதே உச்சவரம்பு. "நான் கை வைக்கலையே, அவர்தானே அடிச்சார்" என்பது ஒரு பதிலே இல்லை.

குற்றவியல் தண்டனைச் சட்டம் இதற்கு மேலேயும் போகிறது. சாதாரணமாகக் காயம் விளைவித்தால் 3 ஆண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம். கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை, அதோடு அபராதமோ பிரம்படியோ சேரலாம். காயப்பட்டது 14 வயதுக்குக் கீழான பிள்ளை என்றால் உச்சவரம்பை இரண்டு மடங்கு வரை உயர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 12 வயதுக்குக் கீழான பிள்ளையைப் பெற்றவரே எங்காவது விட்டுவிட்டுப் போனால் 7 ஆண்டு வரை. ஒரே வீட்டில் இருக்கும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை கொடுமையால் இறந்தால், இறக்கச் செய்தவருக்கும், ஆபத்து தெரிந்திருந்தும் தடுக்க முயலாத வீட்டாளுக்கும் 20 ஆண்டு வரை. ஆபத்தைத் தெரிந்திருக்க வேண்டியவர் என்றாலே போதும், "எனக்குத் தெரியாது" என்பது எப்போதும் எடுபடாது. பிரம்படி பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் கிடையாது.

இவை ஏட்டில் மட்டும் இருக்கும் எண்கள் அல்ல. 2020 பிப்ரவரியில் 4 வயதுச் சிறுமி ஒருத்தி தாயின் காதலர் கொடுத்த அடியில் இறந்தாள். 2025 ஏப்ரலில் அவருக்கு 30 ஆண்டுச் சிறையும் 17 பிரம்படியும் விதிக்கப்பட்டன. தானும் கொடுமை செய்து, சாவையும் தடுக்காத தாய்க்கு 19 ஆண்டு.

பிள்ளையைக் கண்டிப்பதையே சட்டம் தடுக்கவில்லை. மளிகைக்கடையில் ரோத்தான் தொங்குவதைப் பார்க்கத்தான் செய்கிறோம். ஆனால் எந்த வயதுப் பிள்ளை, எதற்காக, எந்த இடத்தில், எதைக்கொண்டு, எத்தனை முறை என்பதையெல்லாம் பார்ப்பார்கள். உள்ளங்கையில் ஓர் அடியும், முதுகில் இரட்டைக் கோடாகத் தடித்து நிற்கும் பத்து அடியும் ஒன்றல்ல. சூடு வைப்பது, மிளகாய் தேய்ப்பது, முட்டி போடவைத்து மணிக்கணக்கில் விடுவது ஆகியவற்றை "எங்க வழக்கம்" என்று சொல்லித் தப்ப முடியாது.

## எதை வைத்து எடைபோடுவது

இன்றிரவு பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடைக்குமா? அடிப்பவர் சட்டத்தின் கண்ணில் குடும்பத்தினரா, வெளியாளா? தொடங்கியபின் நிறுத்தும் உரிமை யார் கையில்? கையிலிருக்கும் ஆதாரம் எந்த அளவுக்கு வேண்டும்? வெளியே தெரியாத செலவு என்ன? இந்த ஐந்துதான். முதல் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் மற்ற நான்கையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

## 999

ரத்தம், தலையில் அடி, நினைவு தப்புதல், மூச்சுத் திணறல், கையில் கத்தி, "மாடியிலிருந்து போட்டுடுவேன்" என்ற மிரட்டல், வீட்டுக்குள் பூட்டப்பட்ட கைக்குழந்தை: இங்கெல்லாம் யோசனைக்கே இடமில்லை. பேசவே முடியாத நிலை என்றால் 70999 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆம்புலன்சுக்கு 995. கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கியிருந்தால் வெளியே ஒரு காயமும் இருக்காது. வாந்தி, சோர்வு, பால் குடிக்காமல் இருப்பது, வலிப்பு ஆகியவை தென்பட்டாலும் 995தான். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

போலீசின் பலம் வேகமும் அதிகாரமும். கதவு திறக்கும், ஆள் கைதாவார், பிள்ளை அந்த இடத்தை விட்டு வெளியே வரும். 2025 ஏப்ரலிலிருந்து, கடுமையான குடும்ப வன்முறைச் சம்பவங்களுக்குப் போலீசோடு சமூக ஊழியரும் சேர்ந்து போகும் அவசரக் குழு இயங்குகிறது. தேவைப்பட்டால், நீதிமன்ற ஆணை கிடைக்கும்வரை அடித்தவரை விலக்கிவைக்கும் குறுகிய கால ஆணையை அங்கேயே பிறப்பிக்கலாம்.

நிறுத்தும் உரிமை உங்கள் கையில் இல்லை. இதுதான் பலரைத் திகைக்கவைக்கிறது. மறுநாள் கோபம் தணிந்து "புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று போனால், எடுத்துக்கொள்ள அது உங்கள் பொருள் அல்ல. வழக்குத் தொடுப்பதா, எச்சரித்து விடுவதா என்பதை முடிவு செய்வது அரசாங்க வழக்கறிஞர்கள். முன்பு சொன்னதற்கு மாறாகச் சொல்லிக் காப்பாற்றப் பார்த்தால், பொய்த் தகவல் கொடுத்த குற்றம் உங்கள் மேலேயே திரும்பும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இதில்தான் அதிகம். பிணையில் வரும் தகப்பன் பிள்ளையை நெருங்கக் கூடாது என்று நிபந்தனை வரலாம். அப்போது ஒரே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருவரும் இருக்க முடியாது. அவர் எங்கே தங்குவார், வீட்டுக் கடனை யார் கட்டுவார் என்று அன்றே யோசிக்கவேண்டி வரும். விசாரணை மாதக்கணக்கில் நீளும். பிள்ளை சாட்சி சொல்ல நேரலாம். அடித்தவர் முகத்தைப் பார்க்காமல் காணொளி இணைப்பு வழியே சொல்ல வழி உண்டு என்றாலும், சொல்வது பிள்ளைதான்.

வாக்குமூலம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி, உங்களுக்குத் தமிழில் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்குவார்கள். "தள்ளினார்" என்றது "அடித்தார்" என்றோ, "சில சமயம்" என்றது "எப்போதும்" என்றோ மாறியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் திருத்துவது உங்கள் உரிமை. பின்னால் நீதிமன்றத்தில் "நான் அப்படிச் சொல்லலை" என்பதைக் கேட்க ஆளிருக்காது.

அவசரமில்லாத புகாரை அக்கம்பக்கக் காவல் நிலையத்திலோ சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளக் கணக்கு வழி இணையத்திலோ கொடுக்கலாம். அப்போதே நடந்துகொண்டிருக்கும் அடிக்கு இணையப் படிவம் உதவாது.

## 1800-777-0000

வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான தேசிய உதவித் தொலைபேசி இது. 2021இலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது. சந்தேகம்தான், உறுதியில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுவே. நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பார்த்ததையும் கேட்டதையும் சொன்னால் போதும். நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தெரிந்தே பொய் சொன்னால் மட்டும்தான் சிக்கல்; அதற்கு 2 ஆண்டு வரை சிறை இருக்கிறது. மாமியார்-மருமகள் சண்டையில் இந்த எண்ணை ஆயுதமாக்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

அழைப்பு வந்ததும் ஆபத்தின் அளவைப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். கடுமையானது அமைச்சின் குழந்தைப் பாதுகாப்புச் சேவைக்குப் போகும். அதற்கு அடுத்த நிலையில் இருப்பது குழந்தைப் பாதுகாப்புச் சிறப்பு நிலையத்துக்கோ குடும்பச் சேவை நிலையத்துக்கோ போகும். அதிகாரிகள் பள்ளியில் பிள்ளையைப் பார்த்துப் பேசலாம், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாம். வீட்டில் விட்டுவைப்பது ஆபத்து என்றால் பிள்ளையை வெளியே எடுத்துவைக்கவும் அதிகாரம் உண்டு. பிறகு இளையர் நீதிமன்றம்.

"பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்ற பயம் இங்கேதான் எழுகிறது. எடுத்துவைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது அவர்கள் கையில் இருக்கும் வழிகளில் ஒன்று மட்டுமே. பெற்றோரோடு பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதி, கண்காணிப்பில் வீட்டிலேயே விடுவது உண்டு. உறவினரிடம் ஒப்படைப்பது உண்டு. அதுவும் முடியாவிட்டால்தான் வளர்ப்புக் குடும்பம், சிறுவர் இல்லம். ஆகவே அழைப்பவர் ஒரு வேலையை முன்கூட்டியே செய்து வைக்கலாம்: பிள்ளையை ஆறு மாதம் வைத்துப் பார்த்துக்கொள்ளக்கூடிய பாட்டி, சித்தி, பெரியம்மா யார், அவர் வீட்டில் எத்தனை பேர், பள்ளி எவ்வளவு தூரம் என்று பேசி வைப்பது. நம்பத்தகுந்த உறவு ஒன்று தயாராக இருந்தால் பிள்ளை அறிமுகமில்லாத இடத்தில் தூங்க வேண்டிய தேவை குறையும்.

இதிலுள்ள குறை என்ன? அழைத்துச் சொன்னவருக்கு, அதுவும் வெளியாளாக இருந்தால், பின்னால் என்ன நடந்தது என்று சொல்லமாட்டார்கள். "சொன்னேன், ஒண்ணும் நடக்கலை" என்று பலர் நினைப்பதற்கு அதுவே காரணம். இன்னொரு குறை, தகவல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவுதான் நடவடிக்கையும். மேலே சொன்ன 4 வயதுச் சிறுமியின் உடலில் காயங்கள் இருந்ததைப் பாலர் பள்ளியில் 2019லேயே கண்டிருந்தார்கள். காயங்களின் கடுமை அறிக்கையில் முழுதாக எழுதப்படவில்லை என்று 2025இல் சுட்டிக்காட்டப்பட்டது. "உடம்பில் தழும்பு" என்று சொல்வதும், "இடது தொடையின் வெளிப்பக்கம், ஒரு வெள்ளி நாணயம் ஐந்தை வரிசையாக வைத்த அளவுக்கு நீலம், விளிம்பில் மஞ்சள்" என்று சொல்வதும் ஒரே கோப்பில் ஒரே இடத்தில் வைக்கப்படுவதில்லை.

ஒரு முறை சொன்னதோடு கடமை முடிந்தது என்று இருக்கவும் கூடாது. புதுக் காயம் பார்த்தால், பிள்ளை திடீரென்று பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டால், வீடு மாறினால், மறுபடி அழைக்கவேண்டும். முதல் அழைப்பின் தேதியைச் சொல்லித் தொடங்குங்கள்.

## தனிநபர் பாதுகாப்பு ஆணை

மாதர் சாசனம் என்ற சட்டத்தின் கீழ் குடும்ப நீதிமன்றம் தரும் ஆணை. பெயரைப் பார்த்துப் பெண்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பிள்ளைக்காகப் பெற்றோரோ உறவினரோ கேட்கலாம். 18 வயதானவர் தனக்குத்தானே கேட்கலாம். இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம், வன்முறைத் தடுப்புச் சிறப்பு நிலையங்களில் உதவிக்கு ஆள் இருக்கிறார்கள். வழக்கறிஞர் கட்டாயமில்லை, கட்டணமும் பெயருக்குத்தான்.

முக்கியமாக மூன்று வகை ஆணைகள் இருக்கின்றன. வன்முறை செய்யாதே என்பது முதலாவது. உடனடி ஆபத்து இருந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே கொடுக்கும் விரைவு ஆணை இரண்டாவது; அது விசாரணை வரும்வரை தாங்கும். அவரை வீட்டிலிருந்தோ வீட்டின் ஒரு பகுதியிலிருந்தோ வெளியே வைப்பது மூன்றாவது. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு மனத்தளவிலான கொடுமையும் குடும்ப வன்முறை என்று தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆணையை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நல்ல பக்கம்: ஆணை வந்ததால் மட்டும் அவர் பெயரில் குற்றப் பதிவு விழாது, மீறினால்தான் அது வரும். நிரூபிக்க வேண்டிய அளவும் குற்ற வழக்கைவிடக் குறைவு. நடந்திருக்க வாய்ப்பே அதிகம் என்று நீதிபதிக்குத் தோன்றி, பாதுகாப்பு தேவை என்றும் தோன்றினால் போதும். ஆலோசனைக்குப் போகும்படி கட்டாயப்படுத்தவும் நீதிமன்றத்தால் முடியும். பிடி ஓரளவு உங்கள் கையில் இருக்கும் ஒரே சட்ட வழி இது.

ஆனால் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்த ஆணை குடும்பத்தினருக்கு எதிராகத்தான் கிடைக்கும். கணவன், மனைவி, முன்னாள் துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு, மாமனார் மாமியார், நீதிமன்றம் உறவென்று ஏற்கும் மற்றவர். தாயோடு கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர், பணிப்பெண், பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி, டியூஷன் ஆசிரியர் இதற்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு எதிராகத் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வேறு நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கவேண்டும். இது தெரியாமல் பிழையான படிவத்தில் இரண்டு வாரத்தை விடுபவர்கள் உண்டு, பிள்ளை அந்த இரண்டு வாரமும் அதே வீட்டில்.

எதிர்த்தரப்பு மறுத்தால் விசாரணை நடக்கும். நீங்கள் கூண்டில் ஏறி, அவர் தரப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். வேலைக்கு விடுப்பு எத்தனை நாள் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது: ஆணை என்பது காகிதம். அதை மீறத் துணிந்தவர் முன்னால் மறுபடியும் 999தான்.

## பேசி முடிப்பது

தாத்தா, பெரியப்பா, கோவில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர், அல்லது அண்ணன்மார் கூடி உட்கார்ந்து, "இனிமே கை நீட்டமாட்டேன்" என்று வாக்கு வாங்குவது. இதை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. வேலை போன பதற்றத்தில் ஒரு முறை கத்தித் தள்ளிவிட்டு மறுநாள் தானே நொந்துபோகும் தகப்பனுக்கு, அல்லது பிரசவத்துக்குப் பின் தூக்கமில்லாமல் பிள்ளையை அழவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் தாய்க்கு, முதலில் வேண்டியது ஆள்துணை. மாமியார் இரண்டு வாரம் வந்து தங்கினாலே பாதி சரியாகலாம்.

அப்போதும் குடும்பத்துக்கு வெளியே ஒருவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையம் இலவசம். எது என்று தெரியாவிட்டால் 1800-222-0000இல் கேட்கலாம். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்பவர்கள் இந்தியர் சுயஉதவி அமைப்பான சிண்டாவை அணுகலாம். இங்கெல்லாம் போனாலே போலீஸ் வரும் என்பதில்லை. பிள்ளைக்குக் கடும் ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அவர்கள் மேலே சொல்லியே தீருவார்கள், அதை முதலிலேயே உங்களிடமும் சொல்லிவிடுவார்கள்.

குடும்பத்துக்குள் பேசி முடிப்பதன் மறைந்த செலவு, பேசி முடித்தவர்கள் தலையிலேயே விழும். இப்போது வீட்டார் எல்லாருக்கும் விஷயம் தெரியும். மறுபடி நடந்து, தாயோ பாட்டியோ சும்மா இருந்தால், "தெரிந்தே அனுமதித்தார்" என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி. காயமும் ஆறிவிடும், படமும் இருக்காது, மருத்துவக் குறிப்பும் இருக்காது. ஆறு மாதம் கழித்துச் சட்டத்தை நாடும்போது கையில் எதுவும் மிஞ்சாது.

பாலியல் தொடுகை, எலும்பு முறிவு, சுட்ட காயம், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடலில் விளக்கமில்லாத நீலம் ஆகியவற்றில் பேசி முடிப்பதற்கு இடமே இல்லை என்பது எங்கள் கருத்து. நடக்கத் தொடங்காத குழந்தை தானாக எங்கும் இடித்துக்கொள்ளாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | 999 | 1800-777-0000 | பாதுகாப்பு ஆணை | பேசி முடிப்பது |
|---|---|---|---|---|
| இன்றிரவு பாதுகாப்பு | கிடைக்கும் | ஆபத்தைப் பொறுத்து | விரைவு ஆணை கிடைத்தால் ஓரளவு | உறுதியில்லை |
| யாருக்கு எதிராக | யாராயினும் | யாராயினும் | குடும்பத்தினர் மட்டும் | பேச்சைக் கேட்பவர் மட்டும் |
| யார் தொடங்கலாம் | யாரும் | யாரும், அண்டைவீட்டாரும் | பெற்றோர், உறவினர் | குடும்பத்தார் |
| நிறுத்துவது யார் கையில் | அரசாங்க வழக்கறிஞர்கள் | அமைச்சு, இளையர் நீதிமன்றம் | விண்ணப்பித்தவர், நீதிமன்றம் | அடிப்பவர் கையில் |
| ஆதாரம் | தொடங்க வேண்டாம், தண்டிக்க உறுதியாக வேண்டும் | சந்தேகம் போதும் | நடந்திருக்க வாய்ப்பதிகம் என்ற அளவு | கேட்கமாட்டார்கள் |
| மறைந்த செலவு | பிணை நிபந்தனை, வருமானம், சாட்சி | முடிவு தெரியாது, பிள்ளை இடம் மாறலாம் | விடுப்பு, குறுக்கு விசாரணை | ஆதாரம் அழியும், மௌனம் குற்றமாகும் |

## எந்த நிலைக்கு எது

அண்டைவீட்டார் என்றால் உங்களுக்கு இரண்டே வழி. அலறல் கேட்கும்போதே 999, மற்ற நேரத்தில் உதவித் தொலைபேசி. கதவைத் தட்டி நியாயம் கேட்காதீர்கள். அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அடி விழும், அதுவும் உங்கள் பேரைச் சொல்லி. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதும் கூடாது. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதே சட்டச் சிக்கல், வழக்குக்கும் கேடு.

கணவர் அடிக்கிறார், நீங்கள் தாய், உடனடி ஆபத்து இல்லை என்றால் உதவித் தொலைபேசியையும் பாதுகாப்பு ஆணையையும் சேர்த்தே எடுங்கள். ஒன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும், மற்றது வீட்டைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் கணவர் ஆதரவில் எடுத்த நீண்டகால வருகை அனுமதியில் இருந்தால், அதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்லும் செய்தி அல்ல அது. கடப்பிதழும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் யார் கையில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள்.

பாலர் பள்ளியிலோ குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலோ நடந்திருந்தால் போலீசோடு பாலர் பருவ மேம்பாட்டு அமைப்புக்கும் தெரிவிக்கவேண்டும். உரிமத்தின்மேல் கை வைக்கக்கூடியவர்கள் அவர்களே. கேமராப் பதிவு நாள் கடந்தால் அழிந்து புதுப் பதிவு ஏறிவிடும். அதனால் "இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை உள்ள பதிவைப் பத்திரப்படுத்துங்கள்" என்று அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்ச்சொல் போதாது. பணிப்பெண்ணோ பகல்நேர ஆன்ட்டியோ என்றால் நேரே போலீஸ். நாமே மிரட்டி வாக்குமூலம் எழுதி வாங்குவது நம்மீது வழக்காகத் திரும்பும்.

பிள்ளையே உங்களிடம் வந்து சொன்னால், "அப்பாதானே அடிச்சாரு?" என்று கேட்காதீர்கள். பதிலை நீங்களே ஊட்டியதாகிவிடும். "என்ன நடந்துச்சும்மா?" என்று ஒரே முறை கேட்டு, அது சொல்வதை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள். "மாமா ஹாங்கர்ல டிஷ்யூம் பண்ணாரு" என்றால் அப்படியே. "சட்டைமாட்டியால் தாக்கினார்" என்று செந்தமிழாக்காதீர்கள். தேதி, மணி, இடம், கூட இருந்தவர். காயத்தைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அடிக்கோலையோ நாணயத்தையோ வைத்து, ஒன்று கிட்டத்தில், ஒன்று உடம்பின் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று எடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுங்கள், சில நீலங்கள் அப்போதுதான் மேலே வரும். ரத்தம் பட்ட துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் புழுங்கிப்போகும். பெண்கள், குழந்தைகளுக்கான கேகே மருத்துவமனைக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ போனால் "விழுந்துட்டான்" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வரி மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டால், பின்னால் உண்மையைச் சொல்லும்போது அதுதான் உங்களுக்கு எதிரான முதல் கேள்வி.

பிள்ளை தானே யாரிடமாவது பேச விரும்பினால், தொடக்கப்பள்ளி வயதினருக்கான உதவித் தொலைபேசி டிங்கிள் ஃபிரெண்ட், 1800-274-4788.

எந்த எண்ணை அழைத்தாலும் முதல் நிமிடத்தில் இவற்றைச் சொல்லுங்கள்: புளோக் எண், மாடி, வீட்டு எண், பிள்ளையின் வயது, இப்போது வீட்டில் யார் யார், அடித்தவர் அங்கேதான் இருக்கிறாரா, கடைசியாக எப்போது நடந்தது, வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா. மற்றதெல்லாம் அவர்கள் கேட்கக் கேட்கச் சொல்லலாம்.